பசுங்கணிக மரபணுக்களும் சூழல் நெருக்கடியும்

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் தனி டி.என்.ஏ. இருக்கிறது. வறட்சி, கடும் வெயில், உப்பு, குளிர் ஆகியவை தாக்கும்போது அதிலுள்ள மரபணுக்களில் பல வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. சில மட்டும் கூட்டிக்கொள்கின்றன.

வறட்சியும் வெயிலும் கைகோத்த இடத்துக்குக் கோலார் தங்கவயல் நல்ல எடுத்துக்காட்டு. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-ல் வேலை தொடங்கிய இச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. சயனைடால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய அரைதூள், கோடிக்கணக்கான டன், ‘சயனைடு மலை’களாக நிற்கிறது. மட்கும் இல்லை, ஈரமும் தங்காது. செடி வேரூன்றுவது பெரும்பாடு. சுற்றுவட்டாரத்தில் மழையை நம்பி விளைவது ராகி.

இத்தகைய நெருக்கடியில் செடிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளப் பசுங்கணிக ஆய்வின் கதை உதவும். பசுங்கணிகத்துக்கும் மரபுப் பண்புக்கும் தொடர்புண்டு என்பதை 1909-ல் கார்ல் கோரன்ஸும் எர்வின் பௌரும் காட்டினர். அந்திமந்தாரையின் வெள்ளை-பச்சைத் திட்டுகள் தாய்ச் செடி வழியே வருவதைக் கண்டவர் கோரன்ஸ். பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. இழைகளை மின்னணு நுண்ணோக்கியில் ரிஸ், பிளாட் இருவரும் பார்த்தது 1962-ல்தான். புகையிலைப் பசுங்கணிகத்தின் சுமார் 1,56,000 டி.என்.ஏ. எழுத்துகளும் 1986-ல் முழுதாக வாசிக்கப்பட்டன.

இதற்கிடையே மதுரையில் ஒரு வேலை நடந்தது. அ. ஞானமும் ஜி. குழந்தைவேலுவும் இலையைக் கல்வத்தில் பதமாக அரைத்து உயிருள்ள செல்களைப் பிரித்து, அவற்றில் ஒளிச்சேர்க்கையை அளக்கும் முறையை 1969-ல் வெளியிட்டனர். விலையுயர்ந்த கருவி தேவைப்படாத முறை.

மிகுந்த வெயிலில் முதலில் அடிபடுவது டி-1 என்ற புரதம். ஒளியை வாங்கி நீரைப் பிளக்கும் அமைப்பின் மையத்தில் இருப்பதால் அது ஓயாமல் சிதைகிறது, பி.எஸ்.பி.ஏ. என்னும் மரபணு புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழுது முந்திவிட்டால் ஒளிச்சேர்க்கை சரியும். எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பதை ஒளிச்சேர்க்கையின் மின்னணு ஓட்டமே சொல்கிறது என்று 1999-ல் கடுகுச் செடியில் நிறுவினர் பான்ஷ்மிட், நில்சன், ஆலன். வறட்சியில் இலையில் பெருகும் அப்சிசிக் அமிலம் பசுங்கணிக மரபணுக்களில் பெரும்பாலானவற்றை அடக்குவதை 2013-ல் வேறு ஆய்வாளர்கள் பார்லியில் கண்டனர். பி.எஸ்.பி.டி. என்னும் மரபணுவும் வேறு சிலவும் விதிவிலக்கு.

கோலார் வட்டாரத்தில் விளையும் ராகி ஒரு தனி வித்தை செய்யும். நீர் குறைந்தாலோ உப்பு ஏறினாலோ, இலையின் இடைத்திசுச் செல்களிலுள்ள பசுங்கணிகங்கள் நரம்பை ஒட்டிய செல்களின் பக்கமாக நகர்ந்து குவிகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2009-ல் பதிவு செய்தனர்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் படித்த ஹென்றி டேனியல், பசுங்கணிகத்திலேயே அயல் மரபணுவை நுழைத்தார்: 2003-ல் வறட்சி தாங்கும் புகையிலை, 2004-ல் உப்பு தாங்கும் கேரட். தானியங்களில் இந்நுட்பம் இன்னும் எளிதில் கைகூடவில்லை. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.யு.-28, எம்.எல்.-365 போன்ற ராகி ரகங்கள் வழக்கமான பயிர் இனவிருத்தியில் பிறந்தவையே.