தோட்டத் திடலுக்கு வராத ஹாக்கி

1975 மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி அரையிறுதி. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையிலான மலேசிய அணி, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது இந்தியாவை 2-1 என முந்தி நின்றது. அஸ்லாம் ஷேர் கான் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 3-2 என இந்தியா வென்றது. மலேசியாவுக்கு நான்காம் இடம். உலகக் கிண்ணப் போட்டிக்கே இதுவரை தகுதி பெறாத காற்பந்து அணிக்கு அது எட்டாத உயரம்.

ஆயினும் கெடா தோட்டங்களில் மாலை நேரத்தில் உருண்டது காற்பந்துதான். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் வெறுங்காலோடு ஆடலாம். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டை வேண்டும். மேடுபள்ளமில்லாத தரையும் வேண்டும். பால்மரம் வெட்டியவர் பிள்ளைக்கு மட்டை வாங்கித் தந்தது யார்? நகரத்துப் பள்ளிகளிலும் காவல்துறை போன்ற அணிகளிலும் வளர்ந்த ஆட்டம் அது. 1976 மொண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் திடல் வந்ததும் தூரம் இன்னும் கூடிப்போனது.

தொலைக்காட்சியும் கைகொடுக்கவில்லை. மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியதே 1978 இறுதியில்தான். கறுப்பு வெள்ளைத் திரையில் அந்தச் சின்னப் பந்தைத் தேடுவதற்குள் ஆட்டம் நகர்ந்துவிடும். அமெரிக்காவில் பனி ஹாக்கிக்கும் இதே தொல்லைதான். பாருங்கள், அங்கே ஃபாக்ஸ் தொலைக்காட்சி 1996இல் வட்டைச் சுற்றித் திரையில் நீல ஒளி காட்டியது. பழைய ரசிகர்களே எரிச்சலடைந்தனர். 1998இல் அதைக் கைவிட்டார்கள். சிறு வயதில் ஆடியவனுக்குப் பந்து தெரியாவிட்டாலும் ஆட்டம் தெரியும். ஆடாதவனுக்கு ஒளி எதற்கு?

2007, 2008 ஆகிய ஈராண்டும் கெடா காற்பந்து அணி லீக், எஃப்.ஏ., மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்றது. தோட்டம் துண்டாடப்பட்டுச் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தவர்களுக்கு, அது லயத்துத் திடலில் தாங்கள் ஆடிய அதே ஆட்டம்.