கப்பல் இல்லாதபோது சட்டம் வழிவிட வேண்டுமா?

ஒரு நாட்டின் ஒரு துறைமுகத்தில் ஏற்றப்படும் சரக்கு அதே நாட்டின் இன்னொரு துறைமுகத்தில் இறக்கப்படுமாயின், அதனை அந்நாட்டுக் கொடியைத் தாங்கிய கப்பலே சுமந்து செல்ல வேண்டும் என்பது கடல்சார் நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக நிலவிவரும் விதியாகும். கப்பற்றுறையினர் இதனைக் 'கபோட்டாஜ்' என்பர். உள்நாட்டுக் கப்பல் உரிமையாளருக்கும் மாலுமிகளுக்கும் தொழில் கிடைக்க வேண்டும், போர்க் காலத்தில் அந்நியக் கப்பல்களை நம்பியிருக்கும் நிலை ஏற்படக் கூடாது என்பன இவ்விதிக்குக் கூறப்படும் நியாயங்களாகும். இந்நியாயங்கள் வலுவானவையே. ஆயினும், ஏற்ற வேண்டிய சரக்கு துறைமுகத்தில் காத்திருக்க, அதனை ஏற்றத் தகுதிபெற்ற உள்நாட்டுக் கப்பல் ஒன்றுகூட இல்லாதபோது என்ன செய்வது என்ற வினாவும் அவ்விதியோடு கூடவே பிறக்கின்றது.

கினிகத்தேனை போன்ற மலையக ஊரொன்றில் வாழ்பவருக்குக் கப்பற் சட்டத்தோடு என்ன தொடர்பு எனக் கேட்கலாம். ஹற்றனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இறங்கும் தேயிலை லொறிகளின் பயணம் கொழும்பில் முடிவதில்லை. 2024 ஆம் ஆண்டில் இலங்கை 24 கோடி கிலோவுக்கு மேற்பட்ட தேயிலையை ஏற்றுமதி செய்தது. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகளுக்குச் செல்லும் அத்தேயிலைக்கு நேரடியான, அடிக்கடி வரும் கப்பல்கள் வேண்டும். கப்பற் கூலி உயர்ந்தால் ஏலத்தில் கொள்வனவாளர் கேட்கும் விலை குறையும். சிறு தோட்ட உடைமையாளருக்குப் பச்சைக் கொழுந்தின் விலை ஏல விலையை ஒட்டியே கணிக்கப்படுகின்றது. எனவே, பெருங்கப்பல்கள் கொழும்புக்கு வருவதும் வராது விடுவதும் மலையகத்தின் அடுப்படி வரை எட்டும் விடயமாகும்.

அப்பெருங்கப்பல்களை கொழும்புக்கு இழுத்துவந்த காரணங்களுள் அயல்நாடான இந்தியாவின் கரையோரக் கப்பற் சட்டமும் ஒன்று. 1958 ஆம் ஆண்டின் இந்திய வணிகக் கப்பற் சட்டத்தின் 407 ஆவது பிரிவு, இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே அந்நியக் கப்பல் அனுமதிப்பத்திரமின்றிச் சரக்கு ஏற்றுவதைத் தடுத்தது. இதனால், கொச்சியில் இறக்கப்பட்ட கொள்கலனை அங்கிருந்து விசாகப்பட்டினத்திற்கோ கொல்கத்தாவுக்கோ அந்நியக் கப்பல் கொண்டுசெல்ல முடியவில்லை. அதற்குப் போதிய இந்தியக் கப்பல்களும் இருக்கவில்லை. அதே கொள்கலனை கொழும்பில் இறக்கினாலோ, கொழும்பு இந்தியாவுக்கு வெளியே இருப்பதால், எந்நாட்டுச் சிறு கப்பலும் அதனை இந்தியாவுக்கு எடுத்துச் செல்லலாம். கொழும்பின் மீள்கப்பலேற்றப் பணியில் பெரும்பகுதி இந்தியச் சரக்காக அமைந்ததற்கு ஆழமான துறைமுகமும் அமைவிடமும் மாத்திரமன்றி, இச்சட்டமும் துணை நின்றது.

இந்தியச் சட்டத்தில் விதிவிலக்கும் இருந்தது. சரக்கு உரிமையாளர் அந்நியக் கப்பலை அமர்த்த விரும்பினால், முதலில் இந்தியக் கப்பல் உரிமையாளரிடம் வினவ வேண்டும். அவர்கள் அதே கூலிக்கு ஏற்ற முன்வந்தால் வாய்ப்பு அவர்களுக்கே உரியது. எவரும் முன்வராதவிடத்து கப்பற்றுறைத் தலைமை இயக்குநர் அந்நியக் கப்பலுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவார். பின்னர் இத்தளர்வு விரிவடைந்தது. 2011 இல் திறக்கப்பட்ட கொச்சி வல்லார்பாடம் கொள்கலன் முனையத்திற்கு 2012 இல் மூன்று ஆண்டுகளுக்கு விலக்களிக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் ஏற்றுமதி, இறக்குமதிக் கொள்கலன்களையும் வெற்றுக் கொள்கலன்களையும் அந்நியக் கப்பல்கள் இந்தியக் கரையோரமாக எடுத்துச் செல்லப் பொதுவாகவே இடமளிக்கப்பட்டது.

அவ்வேளையில் கொழும்பின் எதிர்காலம் குறித்து இங்கு அச்சம் எழுந்தது. ஆனால், அதே 2018 இல் கொழும்புத் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள் 70 இலட்சம் அலகுகளைத் தாண்டின. அதன் பின்னரும் துறைமுகம் தேய்ந்துவிடவில்லை. விதித்தளர்வு மாத்திரம் ஒரு துறைமுகத்தை உருவாக்கவோ அழிக்கவோ மாட்டாது என்பதை இது உணர்த்துகின்றது. எனினும், 2025 மே மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் ஆழமும் அமைவிடமும் ஒருங்கே கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் கரையோரக் கப்பற் போக்குவரத்துக்கெனத் தனிச் சட்டமொன்றையும் நிறைவேற்றியுள்ளது. கொழும்பு இனி அயலவரின் சட்டக் கட்டுப்பாட்டை நம்பியிராது, தன் சேவையின் தரத்தையே நம்பியிருக்க வேண்டும்.

கப்பல் 'இல்லை' என்பதை யார் தீர்மானிப்பது என்பது இவ்விடயத்தின் மிகச் சிக்கலான பகுதியாகும். அமெரிக்காவின் 1920 ஆம் ஆண்டுச் சட்டம், பரவலாக ஜோன்ஸ் சட்டம் எனப்படுவது, உள்நாட்டுச் சரக்கை ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டப்பட்டதாகவும் அமெரிக்கருக்கு உரியதாகவும் இருக்க வேண்டும் என்கின்றது. 2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தபோது, போதிய அமெரிக்கக் கப்பல்கள் உள்ளன, தீவினுள்ளே விநியோகிப்பதே பிரச்சினை என அதிகாரிகள் முதலில் கூறினர். பின்னர் எதிர்ப்பு வலுக்கவே பத்து நாட்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 2022 இல் பியோனா சூறாவளியின் பின், டீசல் ஏற்றிய கப்பலொன்று அத்தீவுக்கு அருகே அனுமதிக்காகக் காத்துக்கிடந்த பிறகே விலக்குக் கிடைத்தது.

மலேசியாவின் அனுபவம் வேறு விதமானது. கடலடித் தொடர்பாடல் கம்பிகளைப் பழுதுபார்க்கும் அந்நியக் கப்பல்களுக்கு 2019 இல் வழங்கப்பட்ட விலக்கை 2020 நவம்பரில் அந்நாட்டு அரசு மீளப்பெற்றது. 2024 இல் மீண்டும் வழங்கியது. அமைச்சர் மாறுந்தோறும் விலக்கும் மாறுமாயின், உள்நாட்டுக் கப்பல் உரிமையாளரும் முதலிட மாட்டார், அந்நியரும் நம்பி வர மாட்டார்.

நமது நாட்டிலும் கப்பல் பற்றாக்குறையின் கொடுமையை அறிந்த மக்கள் உள்ளனர். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கான உணவும் எரிபொருளும் கடல்வழியையே நம்பியிருந்தன. அத்தியாவசியப் பொருட்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. விலைகள் மக்களால் தாங்க முடியாதவாறு உயர்ந்தன. அதற்குப் போரே காரணம், கொடிச் சட்டமல்ல. எனினும், ஒரு பிரதேசம் கப்பலுக்காகக் காத்திருப்பதன் பொருள் என்ன என்பதை அது காட்டியது. 1971 இல் நிறுவப்பட்ட இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம் 2016 இல் பெற்றுக்கொண்ட இரு கப்பல்களும் நிலக்கரி போன்ற மொத்தச் சரக்குக்கு உரியவை. கரையோரமாகக் கொள்கலன் ஏற்றுவதற்கானவை அல்ல. கொழும்பு, காலி, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவற்றிடையே சரக்குப் போக்குவரத்தை வளர்க்க முனையும் எந்த அரசும் இவ்வுண்மையிலிருந்தே தொடங்க வேண்டும்.

உள்நாட்டுக் கப்பலுக்கு முன்னுரிமை வழங்குவது தவறல்ல. ஆனால், முன்னுரிமையை எழுதும் அதே பக்கத்தில் விலக்கையும் எழுதிவிட வேண்டும். விண்ணப்பம் எத்தனை மணித்தியாலங்களுக்குள் முடிவு செய்யப்படும், கப்பல் இல்லை என்பதற்கு எது சான்று, விலக்கு எத்தனை நாட்களுக்குச் செல்லும், அதன் காரணம் எங்கே வெளியிடப்படும் என்பன முன்கூட்டியே தெளிவாக இருத்தல் வேண்டும். உணவு, எரிபொருள், மருந்து, உரம் ஆகியவற்றுக்குத் தனியான துரித ஏற்பாடும் அவசியம். இவை இல்லாதவிடத்து, விலக்கு என்பது செல்வாக்குள்ள வர்த்தகருக்கு விரைவாகவும் ஏனையோருக்குத் தாமதமாகவும் கிடைக்கும் சலுகையாகிவிடும். அத்தாமதத்தின் விலையைத் துறைமுகத்தில் நிற்பவர் செலுத்துவதில்லை. உரம் வராத தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரும், மா விலை ஏறிய கடையில் வரிசையில் நிற்பவருமே செலுத்துகின்றனர்.