கடற்கரைச் சாலை, புதுச்சேரி

கடற்கரைச் சாலை (கூபேர் சாலை): புதுச்சேரி நகரின் கிழக்கு விளிம்பில், வங்கக் கடலை ஒட்டி ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. நீளும் உலாச்சாலை. 1963-64இல் முதலமைச்சராக இருந்த எதுவார் கூபேரின் பெயர் தாங்கியது. மாலையில் வாகனங்கள் தடுக்கப்பட்டு நடப்போருக்கு மட்டும் விடப்படுகிறது. சுண்டல், பஜ்ஜி வணிகம் சூடுபிடிப்பதும் அப்போதுதான். பழைய துறைமுக அலுவலகக் கட்டடத்தில் அரசுச் சுற்றுலா நிறுவனத்தின் ‘லே கஃபே’ இயங்குகிறது. அலையோசை கேட்கக் காப்பி அருந்த இதுவே பெயர்பெற்ற இடம். செஞ்சியிலிருந்து கொணர்ந்த கருங்கல் தூண்கள் சூழ்ந்த காந்தி சிலை, 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர் நினைவகம் ஆகியன அருகருகே உள்ளன. 1980களின் இறுதியில் தெற்கே துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணல் வரத்துக் குன்றிக் கரை அரிக்கப்பட்டது, பாறைக்கற்கள் கொட்டப்பட்டன. பிற்காலத்தில் அமைத்த செயற்கைத் திட்டால் தலைமைச் செயலகத்தருகே மணல் ஓரளவு மீண்டுள்ளது.