பிரேக்பாயிண்ட் நிற்காதபோது: விஎஸ் கோடும் பிஎச்பிஸ்டார்மும்

வேர்ட்பிரஸ் பிளக்இன் எழுதுகிறவர்கள் எடிட்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு நேராக விலைக்குப் போய்விடும். மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் இலவசம். ஜெட்பிரெய்ன்ஸின் பிஎச்பிஸ்டார்முக்குச் சந்தா கட்ட வேண்டும். அந்தக் கணக்கை அவரவர் போட்டுக்கொள்ளட்டும். பிரேக்பாயிண்ட் வைத்தும் நிரல் நிற்காமல் ஓடிப்போகிறதே, அப்போதுதான் இரண்டின் குணமும் வெளியே வரும்.

இரண்டும் தாமாக டீபக் செய்வதில்லை. அந்த வேலை டெரிக் ரெதன்ஸ் உருவாக்கிய எக்ஸ்டீபக்கினுடையது. அது பிஎச்பிக்குள் இருந்தபடி, பக்கத்துக்கான கோரிக்கை வந்ததும் எடிட்டரைத் தேடிப் போய் இணைகிறது. எடிட்டர் போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும், அவ்வளவுதான். திசையை மாற்றி நினைப்பவர்கள் ஃபயர்வாலில் தவறான பக்கத்தைத் துழாவிக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் போர்ட்டிலேயே முதல் சிக்கல். 2020இல் வந்த எக்ஸ்டீபக் 3, பிஎச்பி-எஃப்பிஎம்முடன் மோதல் வேண்டாம் என்று 9000ஐ விட்டு 9003க்கு மாறியது. பழைய வழிகாட்டிகள் இன்னும் 9000 என்றே சொல்கின்றன. பிஎச்பிஸ்டார்ம் இரண்டு எண்களிலும் காத்திருப்பதால் அதன் பயனருக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாமல் போகலாம். விஎஸ் கோடில் பிஎச்பி டீபக் நீட்சியைச் சேர்த்து, லாஞ்ச்.ஜேசன் கோப்பில் என்ன எண் எழுதுகிறோமோ அதுதான்.

பெரிய தொல்லை பாதைப் பொருத்தம். பிளக்இன் கோப்புறை நம் கணினியில் ஓரிடத்தில் இருக்கும். டாக்கருக்குள் ஓடும் வேர்ட்பிரஸோ அதே கோப்பை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/எச்டிஎம்எல் என்று தொடங்கும் வேறு பாதையில் பார்க்கும். இரண்டும் ஒன்றுதான் என்று எடிட்டருக்கு யாராவது சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் விஎஸ் கோட் ஒரு வார்த்தை பேசாமல் பிரேக்பாயிண்ட்டைத் தாண்டிவிடும். லாஞ்ச்.ஜேசனில் லாக் என்பதை ட்ரூ ஆக்கினால், எக்ஸ்டீபக் அனுப்பும் செய்திகள் டீபக் கன்சோலில் வரிசையாக வரும். சர்வர் சொல்லும் உண்மையான பாதையை அதில் படித்துக்கொள்ளலாம். பிஎச்பிஸ்டார்ம் நேர்மாறு. பொருத்தம் இல்லையென்றால் முதல் வரியிலேயே நின்றுவிடும், அறிமுகமில்லாத இணைப்பு வந்தால் பெட்டி திறந்து எந்தக் கோப்பு என்று கேட்கும். புதியவருக்கு இந்த அக்கறை பெரிய உதவி. ஆனால் பெட்டியில் அவசரமாகத் தவறான கோப்பைச் சுட்டிவிட்டால், அந்தப் பொருத்தம் செட்டிங்ஸின் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு வேடிக்கை: விஎஸ் கோடில் சர்வர் பாதையை முதலில் எழுதி, நம் பாதையை அடுத்து எழுத வேண்டும், பிஎச்பிஸ்டார்மின் பட்டியலில் வரிசை தலைகீழ். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர் இங்கேதான் தடுக்கி விழுவார்.

வேர்ட்பிரஸுக்கே உரிய விஷயம் ஹூக். நம் ஃபங்ஷனை நாம் கூப்பிடுவதில்லை, வேர்ட்பிரஸ் கூப்பிடுகிறது. வேர்ட்பிரஸ் ஆதரவை இயக்கி, வேர்ட்பிரஸ் இருக்கும் கோப்புறையையும் காட்டிவிட்டால், ஒரு ஹூக்கைப் பதிவுசெய்த வரியிலிருந்து அது கிளம்பும் இடத்துக்கு பிஎச்பிஸ்டார்ம் ஒரே தாவலில் போகும். விஎஸ் கோடில் இன்டெலிஃபென்ஸ் நீட்சியின் ஸ்டப்ஸ் பட்டியலில் வேர்ட்பிரஸைச் சேர்த்தால் ஃபங்ஷன்களை அடையாளம் காணும். ஹூக் பெயரோ அதற்கு வெறும் எழுத்துச்சரம், தேடிப் பிடிப்பதுதான் வழி. பெரிய பிளக்இன் ஒன்றைப் பராமரிப்பவருக்கு இந்த ஒரு வசதிக்கே சந்தாப் பணம் தகும் என்பது என் எண்ணம்.

குழுவாக வேலை செய்கிற இடத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. லாஞ்ச்.ஜேசன் சின்ன உரைக்கோப்பு. நிரலோடு சேர்த்து கிட்டில் ஏற்றினால், டாக்கர் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை, புதிதாக வருகிறவர் இழுத்துக்கொண்டு எஃப்5 அழுத்தினால் போதும். பிஎச்பிஸ்டார்மில் சர்வர் விவரங்கள் பெரும்பாலும் அவரவர் கணினியிலேயே தங்கிவிடுவதால், ஒவ்வொருவரும் அந்தப் பெட்டிக்கு ஒருமுறையாவது பதில் சொல்லியாக வேண்டும்.