வறுவலில் அக்ரிலமைடு: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் அன்றாட உணவில் இருப்பது ஒரு ரயில் சுரங்கத்தால் வெளியே வந்தது. தென் சுவீடனின் ஹாலன்ட்சோஸ் மலைமுகட்டைக் குடையும் பணி 1992இல் தொடங்கியது. பாறை வெடிப்புகளில் பீறிட்ட நீரை அடைக்க, 1997இல் அக்ரிலமைடு கலந்த பசை ஏறத்தாழ 1,400 டன் செலுத்தப்பட்டது. இறுகாத பசை ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்த நீரைக் குடித்த மாடுகள் கால் செயலிழந்து விழுந்தன.

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஒட்டியிருந்த அக்ரிலமைடின் தடயத்தை அளந்தனர். ஒப்பிடுவதற்காக, சுரங்கப் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் சோதித்தனர். குறைந்த அளவில் அவர்களிடமும் அது இருந்தது. சந்தேகம் சமையலின் மேல் விழுந்தது. வறுத்த தீவனம் தின்ற எலிகளின் ரத்தத்தில் அந்தத் தடயம் கூடியது.

2002 ஏப்ரல் 24 அன்று சுவீடனின் உணவுத் துறை முடிவை அறிவித்தது: உருளைக்கிழங்கு சிப்ஸ், பிரெஞ்சு ஃபிரைஸ் போன்றவற்றில் அக்ரிலமைடு மிகுதி, வேகவைத்த கிழங்கிலோ பெயரளவுக்குக்கூட இல்லை. காரணமும் அதே ஆண்டில் விளங்கியது. கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் 120 டிகிரி செல்சியசுக்கு மேல் வினைபுரியும்போது இது உருவாகிறது. வறுவலுக்கு நிறமும் மணமும் தருவது 1912இல் லூயி கமில் மயார் விவரித்த இதே வினைதான்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அக்ரிலமைடை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது’ என வகைப்படுத்தியிருந்தது. விலங்குகளில் சான்று வலுவானது. மனித ஆய்வுகள் இன்னும் ஒருமித்த முடிவு தரவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், உடல் எடையோடு ஒப்பிட்டால் சிறுவர்களுக்கே இது அதிகம் சேர்கிறது என்றது. வளரும் பருவத்தினரின் விருப்பமான நொறுக்குத்தீனி வறுத்த கிழங்கு என்பதால், இந்த எச்சரிக்கை அவர்களையும் தொடுகிறது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி, சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் என்ற அளவுகோலை வைத்தது.

வீட்டிலும் இதைக் குறைக்கலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கில் சர்க்கரை கூடுவதால், அது வறுக்க ஏற்றதல்ல. நறுக்கிய துண்டுகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்து, துடைத்து, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகவிடக் கூடாது. பிள்ளைகளின் தட்டில் வறுவல் அன்றாடப் பண்டமாகாமல், எப்போதாவது வருவதாக இருப்பதே நல்லது.