கோப்பி இலையின் துரு

1869ஆம் ஆண்டிலே, மடுல்சீமைப் பகுதியிற் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த கோப்பித் தோட்டங்களில், சில செடிகளின் இலைகளுக்கு அடியிலே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். தோட்டத்துரைமார் முதலில் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்திலிருந்த பங்கசு ஆராய்ச்சியாளர் பேர்க்லிக்கு அனுப்பிவைத்தார். பேர்க்லியும் புறூமும் அவ்வாண்டிலேயே அதற்கு 'ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ்' எனப் பெயரிட்டனர். முதற்சொல், வித்தியின் ஒரு பாதி முள்ளின்றி மழமழப்பாயிருப்பதைக் குறிக்கும். அடுத்த சொல்லுக்குப் 'பாழாக்குவது' என்பது பொருள். பெயர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

'கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது' என்று இவ்வரலாற்றை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். இலங்கைக் கோப்பி அழிந்ததனாலேதான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகினர் என்ற கதையும் உண்டு. அது வெறுங் கதை. அதற்கு நெடுங்காலம் முன்னரே அவர்கள் தேநீரில் ஊறிப்போயிருந்தனர். கோப்பியைக் கொன்றது ஒரு பங்கசு மட்டுந்தானா என்பதே இங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காணிகளை முடிக்குரியவையாக்கிற்று. அவ்வாறு முடியின் கைக்கு வந்த மலைக்காடுகள் விலைக்கு விடப்பட்டன. காடு விழுந்தது, கோப்பி எழுந்தது. 1870களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு, இடையில் வேறு மரமின்றி ஒரே பயிர்! இலாபத்தின் கணக்கு அப்படிப் போட்டது.

விளைச்சல் வீழ்ந்து துரைமார் பதறத் தொடங்கிய பின்னரே, 1880இல், ஹரி மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானியைக் குடியேற்ற அரசு வரவழைத்தது. முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர் அவர். இன்று ஒரு மாணவன் கலாநிதிப் பட்டத்துக்குச் செலவிடும் காலத்திலும் குறைவான காலமே இங்கு தங்கினார், 1882இற் சென்றுவிட்டார். ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் கண்டறிந்தவை சாமானியமானவை அல்ல. இலையின் அடிப்புறத்து நீர்த்துளியில் வித்தி முளைக்கிறது; இலைவாயினூடாக உள்ளே நுழைகிறது; கலங்களுக்கிடையே இழைகளைப் பரப்பி அவற்றின் உணவை உறிஞ்சுகிறது; சில வாரங்களில் மீண்டும் இலைவாய்வழியே செந்தூளாய் வெளிப்படுகிறது. மண் சலித்துவிட்டது, எரு போதவில்லை, பருவம் பிழைத்தது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு இது விடையாயிற்று. காற்றிலே கண்ணாடித் தகடுகளை வைத்து, வித்திகள் பறந்து வருவதையும் அவர் காட்டினார். காற்றை மறிக்க மரங்களின்றி ஒரே பயிரை இடையறாது நட்டதே நோய்க்கு வழிதிறந்தது என்றார்.

துரைமார் எதிர்பார்த்தது இதையன்று, மருந்தையே எதிர்பார்த்தனர். இலைக்குள் புகுந்துவிட்ட பங்கசுவுக்கு மருந்தில்லை, புகுமுன்னரே தடுக்கவேண்டும் என்ற பதில் அவர்களுக்கு உவக்கவில்லை. இலையிற் பூசித் தடுக்கும் செப்புக் கலவையைப் பிரான்சிலே மில்லார்டே 1885இல் முந்திரிகைக்கென வெளியிட்டபோது, இங்கே கோப்பியின் கதை முடிந்துகொண்டிருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது.

நாடு திரும்பிய வார்ட், அவரைச் செடியினத்தின் வேர்முடிச்சுகளை ஆராய்ந்து 1887இற் கட்டுரை வெளியிட்டார். மதுவமும் பற்றீரியாவும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதை 1892இல் விளக்கினார். பின்னர் கேம்பிரிட்ஜிற் பேராசிரியரானார். செடியைத் தின்னும் நுண்ணுயிரைக் கண்ட அதே கண்கள்தாம், செடியோடு கூடிவாழும் நுண்ணுயிரையும் கண்டன.

துரைமாரின் நட்டத்தைப் பலர் எழுதிவிட்டனர். கூலியாளின் நட்டம் எழுதப்பட்டது குறைவு. கோப்பிக் காலத்தில் மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு ஏறினர். வழியிலே வாந்திபேதி பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் பழம் பறித்து முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். கோப்பி சரிந்தபோது கூலி நிலுவையில் நின்றது. முறையிடவும் அவர்களுக்கு ஆளில்லை.

தேயிலையின் கணக்கு வேறு. அதன் கொழுந்துக்கு ஒரு பருவமில்லை. ஆண்டு முழுவதும், சில நாட்களுக்கொருமுறை, கிள்ளியே ஆகவேண்டும். வந்துபோகும் ஆள் அதற்குப் பயன்படான். குடும்பமாக இருக்கவேண்டும், பெண்கள் கொழுந்தெடுக்கவேண்டும், பிள்ளைகள் லயத்திலேயே பிறந்து மலைக்குப் போகவேண்டும். 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட பயிர், கோப்பி செத்த மலைகளையெல்லாம் மூடியபோது, போகவரத் திரிந்தவர்கள் இந்நாட்டின் நிலைகுடிகளாயினர். அவர்களை இங்கே இருத்தியது அவர்களுடைய விருப்பம் மட்டுமன்று. ஒரு பயிரின் தேவையும் அப்பயிரின் உடைமையாளரின் தேவையுமாகும்.

1946இலே தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது. அதுவும் பங்கசுதான், அதே சரிவுகள்தாம். இம்முறை செப்பு மருந்தைத் தெளித்துப் பயிரைக் காத்தனர். தெளித்தவர்கள் தோட்டத் தொழிலாளர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தபோது, அவர்களுட் பலர் இம்மலைகளிலேயே பிறந்தவர்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலேதான்.