எண்ணிக்கையும் வெற்றியும்



நான் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வரலாறு கற்பித்த நாளில், அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய பாடம் வந்தால் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கிழிப்பேன். இடப்புறம் வட மாநிலங்கள். வலப்புறம் பிரிந்து சென்ற 11 தென் மாநிலங்கள். 1860ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வடக்கே ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம் மக்கள். தெற்கே 90 இலட்சம். ஆலைப் பொருள்களுள் பத்தில் ஒன்பது பங்கு வடக்கே உற்பத்தியாயிற்று. ஏறத்தாழ 30,000 மைல் இருப்புப்பாதையுள் தெற்கிற்கு வாய்த்தது 9,000 மைல்தான். இவற்றை எழுதி, "ஆகவே வடக்கு வென்றது" என்று கூறிச் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

ஒரு நாள் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, கூட்டல் கணக்கே போதுமென்றால், 1861இல் தொடங்கிய போர் 1865 வரை நீடிப்பானேன்?" என்று கேட்டான். நான் அவனை அமரச் சொன்னேன். அன்று என்னிடம் விடை இல்லை என்பதே உண்மை.

பின்னர் எண்ணிப் பார்த்தேன். தெற்கு வடக்கை வெல்ல வேண்டியதில்லை. தோற்காமல் நின்றாலே போதும். வடக்கோ பரந்ததொரு நிலப்பரப்பிற் புகுந்து அதனை அடக்க வேண்டியிருந்தது. செல்வமிக்க பிரிட்டனை எதிர்த்து 13 குடியேற்றங்கள் விடுதலை பெற்ற வரலாறும் அந்நாட்டில் உண்டன்றோ?

மேலும், வளம் பயன் தருவதற்குக் காலம் வேண்டும். 1861 ஏப்ரலில் லிங்கன் அறிவித்த கடல் முற்றுகை, சிறிது சிறிதாகவே இறுகியது. பருத்திக்காக இங்கிலாந்து தன் பக்கம் வரும் என்று தெற்கு நம்பியது. இங்கிலாந்தோ இந்தியாவிலும் எகிப்திலும் பருத்தி வாங்கியது. 1863 ஏப்ரலில், தெற்கின் தலைநகராகிய ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கலகம் செய்தனர். உழவு நிறைந்த நாட்டில் உணவுக்குத் தட்டுப்பாடு! விளைந்ததைக் கொண்டு சேர்க்கும் பாதைகளும் வண்டிகளும் தேய்ந்து போயின. காகிதப் பணமும் மதிப்பிழந்தது.

ஆயினும் வடக்கின் மனவுறுதியும் தளராமல் இல்லை. 1864 ஆகஸ்டில், தேர்தலில் தாம் தோற்கக்கூடும் என்று லிங்கனே எழுதி வைத்தார். செப்டம்பரில் அட்லாண்டா வீழ்ந்தது. நவம்பரில் அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மனவுறுதி முறிந்திருப்பின், 2 கோடியே 20 இலட்சமும் வெறும் எண்ணாகவே நின்றிருக்கும்.

இனி, என் பெரும் பிழையைச் சொல்கிறேன். தெற்கின் 90 இலட்சத்துள் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் அடிமைகள். அவர்களை நான் ஆண்டுதோறும் தெற்கின் வலிமையாகவே எழுதி வந்தேன். அவர்கள் உழைப்பால்தான் தெற்கு தன் ஆடவரைப் போர்க்களத்திற்கு அனுப்ப முடிந்தது என்பது மெய்யே. ஆனால் வடபடை நெருங்க நெருங்க, அவர்கள் பல்லாயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு வெளியேறினர். 1863 ஜனவரி 1ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் வெளிவந்தது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் வடபடையிற் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைத்தளையிலிருந்து வந்தவர்களே. தெற்கு இழந்த கைகளே வடக்கிற்குத் துப்பாக்கி ஏந்தின.

மாணவர்களே, மக்கள்தொகையும் பொருள்வளமும் வெற்றிக்கு வழி திறக்கும். வழி நடப்பவர் மனிதரே. ஒரு நாட்டின் மக்களை எண்ணும்போது, அவர்கள் எத்தனை பேர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்நாடு வாழவேண்டும் என்று விரும்புவோர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அன்று நான் அமரச் சொன்ன மாணவனுக்கு, காலந் தாழ்த்தி நான் தரும் விடை இதுவே.